அரிசி மாவு என்று சொன்னது என் குரல்

1

போன சனிக்கிழமை இங்கே கடையில் ஒரு முள்ளங்கியைப் பயிரிட்டவரைப் பார்த்தேன். நேரில் அல்ல, போனில். முள்ளங்கியைச் சுற்றியிருந்த உறையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம் அச்சடித்திருந்தார்கள். அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்பொடிக் கட்டங்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது இன்னும் அவ்வளவாக வந்து சேரவில்லை. வந்துவிடும், அவசரப்படாதீர்கள். போனின் கேமராவை அந்தச் சதுரத்துக்கு நேராகப் பிடித்தால், போன் அதைப் படித்துவிட்டு அந்தப் பொருளின் ஜாதகத்தையே திரையில் எடுத்து நீட்டும். எந்த ஊர் மண், என்றைக்குப் பிடுங்கியது, என்ன மருந்து அடித்தது, எல்லாம் இருக்கும். என் முள்ளங்கிக்கு ஒரு பெரியவரின் படமும் இருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி, கையில் இன்னொரு முள்ளங்கியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தியிருந்தார்.

அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் கூட்டம் சேர்ந்தது. யோகோஹாமாக்காரர்கள் 'நகரும்மா' என்று சொல்ல மாட்டார்கள், மெதுவாக இருமுவார்கள். என் மகள் காவ்யா என் கையைப் பிடித்து இழுத்து, வெட்கமாக இருக்கிறது என்று ஜப்பானிய மொழியில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்குப் போனதிலிருந்து அவளுக்குக் கோபம், வெட்கம், பசி மூன்றும் அந்த மொழியில்தான் வருகின்றன. தமிழை எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மட்டும் வைத்திருக்கிறாள்.

பெரியவர் யாரோ எவரோ. உறையில் இருப்பதை நம்பி முள்ளங்கியைக் கூடையில் போட்டுக்கொண்டேன். என் அப்பாவும் இப்படித்தான் ஒரு போன் சொன்னதை நம்பினார். அந்தப் போனில் பேசியது நான். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி இங்கே வந்தபோது நான் முழுக் கைநாட்டு. ஊரில் பொறியியல் படித்தவள், இங்கே ஒரு பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. முதல் மாதம் எண்ணெய் என்று நினைத்துத் தங்க நிறத்தில் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். வாணலியில் ஊற்றி, சூடாக்கி, கடுகைப் போட்டேன். கடுகு வெடிக்கவே இல்லை. ஊறிக்கொண்டு கிடந்தது. அது சமையலுக்கு ஊற்றும் இனிப்புச் சாராயம் என்று என் கணவர் வந்து மோந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. வீடு முழுக்கக் கல்யாண மண்டபத்துப் பின்கட்டு மாதிரி வாசனை.

இதை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது நைனா விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"லேபிள படிக்காம எவனாவது சாமான் வாங்குவானா பாப்பா? உன்ன இன்னாத்துக்குப் படிக்க வெச்சேன்?"

"லேபிள் ஜப்பான்ல கீதே நைனா."

"அப்ப கத்துக்கோ. லேபிள் தெரியாதவன் கண்ணு தெரியாதவன்."

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீடு. தினமும் காலையில் ஊழியர் பஸ் ஏறி கல்பாக்கத்துக்குப் போவார். அங்கே சாமான் கிடங்கில் வேலை. ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு கட்டித் தொங்கும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பொருள். பிரித்துப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, தொட்டு நக்குவதெல்லாம் அங்கே குற்றம். இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு பணிக்காலம் முழுவதையும் ஒரு தவறும் இல்லாமல் ஓட்டியவர்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த சமையலறையோ என் அம்மாவுடையது. குழந்தைப் பால்மாவு டின்னில் துவரம்பருப்பு. காபித்தூள் பாட்டிலில் மிளகு. பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசி நூல். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், மறைக்காதீர்கள். காலியான டப்பாவைத் தூக்கிப் போடுகிறவள் தமிழ்நாட்டில் பொம்பளையே இல்லை. எது காலியோ அதில் கையில் இருப்பதைக் கொட்டுவோம், அவ்வளவுதான் முறை.

"மேல ஒண்ணு எழுதிக்கீது, உள்ள ஒண்ணு கீது. இது வூடா, திருட்டு கொடோனா?" என்று நைனா கத்துவார்.

"நான் இன்னா டப்பாவ படிச்சிகினா சமைக்கறேன்?" என்பார் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடியும். அடுத்த வாரம் மறுபடி தொடங்கும்.

அம்மா போன பிறகு நைனா செய்த முதல் வேலை, எல்லா டப்பாவிலும் வெள்ளைத்தாள் ஒட்டித் தன் உருண்டைக் கையெழுத்தில் பெயர் எழுதியது. கிடங்கு மாதிரியே. தானே சமைத்து, தானே சாப்பிட்டு, ஒழுங்காகத்தான் இருந்தார். அந்தக் கையெழுத்தை அவரால் படிக்க முடியாமல் போகும் என்று யார் கண்டது.

3

அது தெரிந்தது மாமல்லபுரத்தில். கோடை விடுமுறைக்குப் போயிருந்தோம். காவ்யாவையும் நைனாவையும் கூட்டிக்கொண்டு பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்றேன். காவ்யா போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பாறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள். எங்கே சதுரம் ஒட்டியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்றதும், அப்படியானால் இது என்னவென்று எப்படித் தெரியும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தாத்தாவைக் கேள் என்றேன்.

நைனா பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கொஞ்சம் தள்ளி, ஓரத்து வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா தெரியுது உனுக்கு? சொல்லு," என்று பேத்தியைக் கேட்டார்.

"யானை. பெரிய யானை. சின்ன யானை," என்றாள். அவளிடம் இருந்த தமிழ் அத்தோடு தீர்ந்துவிட்டது.

"கீழ ஒரு பூனை நிக்குமே, ரெண்டு கையும் தூக்கினு? கீதா பாரு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பூனை அவருக்கு நேர் எதிரே இருந்தது.

செங்கல்பட்டில் கண் டாக்டர், சர்க்கரை கண்ணின் நடுவைத் தின்றுவிட்டது என்றார். ஓரத்தில் தெரியும், ஆள் வருவது போவது தெரியும். எழுத்து இனி தெரியாது. நைனா இதை எங்களிடம் சொல்லாமலே நிறைய நாள் ஓட்டியிருக்கிறார்.

என் தம்பி குமார் கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடியில் இருக்கிறான், தினமும் மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போய் வருகிறவன். கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றான். நைனா மறுத்தார். என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, வெறுங்கையை நீட்டி, பார்க்காமலே தண்ணீர்க் கிண்டியை எடுத்தார். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டார். அடுப்புத் திருகைத் திருகிக் காட்டினார்.

"பாத்தியா? இந்த வூட்ல நான் குருடன் இல்ல பாப்பா. அங்க போனா குருடன். இத்த நீ அவனாண்ட சொல்லு."

நான் சொன்னேன். நைனாவுக்காகத் தம்பியிடம் வாதாடினேன். தொலைவில் இருப்பவர்களுக்குப் பெருந்தன்மை சுலபமாக வருகிறது.

அவரை இங்கே கொண்டுவரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். முன்பு ஒருமுறை வந்து தொண்ணூறு நாள் விசாவில் இருந்துவிட்டுப் போனார். அதற்கே அழைப்புக் கடிதம், பொறுப்பேற்புக் கடிதம், வரி கட்டிய சான்று, அவர் எனக்கு அப்பாதான் என்பதற்குச் சான்று. இந்த முறை திரும்பி வந்ததும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் வரிசை எண் வாங்கி உட்கார்ந்து, பெற்றோரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். கேட்கும்போதே மொழி தடுமாறி, பெற்றோரை 'வளர்க்க' விரும்புகிறேன் என்று, நாய் பூனைக்குச் சொல்லும் வினையைப் போட்டுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரிக்கவில்லை. பொதுவாக அப்படியொரு விசா இல்லை என்று தலை குனிந்து சொன்னாள். ரொம்ப விசேஷமான காரணம் இருந்தால் மனு போட்டுப் பார்க்கலாம், கிடைக்குமென்று சொல்ல முடியாது என்றாள்.

மனு போடவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு அறை வீடு, காவ்யாவின் பரீட்சை, என் வேலை, இவற்றுக்கு நடுவே அவரை எங்கே உட்கார வைப்பது என்று இனி யோசிக்க வேண்டாம். சட்டமே முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

4

நான் போன்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வரும் ஸ்மார்ட்போன்களை நாள் முழுக்க நோண்டி, எங்கே உளறுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது. அதனால் யோசனை எனக்குச் சட்டென்று வந்தது. இந்த ஊரில் எழுத்துத் தெரியாமல் தவித்த எனக்குச் சதுரமும் போனும் கண்ணாக இருந்தன. நைனாவுக்கும் ஏன் இருக்கக் கூடாது? திரையில் எழுத்து வராமல் குரல் வந்தால் போதும்.

விடுமுறை நாட்களில் உட்கார்ந்து போனுக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். சதுரங்களை அச்சடித்தேன். அடுத்த விடுப்பில் தனியாக ஊருக்குப் போய், நைனாவின் உருண்டைக் கையெழுத்துக்கு மேலேயே ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் என் குரலைப் பதிவு செய்தேன். 'நைனா, இது துவரம்பருப்பு.' 'நைனா, இது கல் உப்பு.' 'நைனா, இது காலையில் போடும் மாத்திரை, சாப்பிட்ட பிறகு.' அவருக்கென்று கொண்டுபோன போனில் நடுப்பொத்தான் மேல் ஒரு சொட்டுப் பசையைக் காயவைத்து மேடாக்கினேன். டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளிப் போனைப் பிடித்து, மேட்டை அழுத்தினால், மணி அடித்து நான் பேசுவேன்.

நைனாவுக்கு அதைப் பிடித்துப்போன விதத்தைச் சொல்லி முடியாது. கிடங்குக்கே திரும்பிப் போனவர் மாதிரி ஆகிவிட்டார். டப்பா டப்பாவாகக் காட்டி, நான் சொல்லச் சொல்ல, சரி சரி என்று தலையாட்டினார். பக்கத்து வீட்டுப் பவுனம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, வூட்ல எந்நேரமும் பொண்ணு கொரல் கேக்குது, ஊருக்குப் போவலயா?" என்று கேட்டாராம். நான் அப்போது இங்கே வந்து சேர்ந்து வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தேன்.

போனில் கூப்பிட்டால் அதைப் பற்றியே பேசுவார்.

"கடுகு டப்பால உனுக்கு சளி புடிச்சிகினு கீது பாப்பா. கொரலு கரகரங்குது."

"அது ப்ளேன் ஏசில புடிச்சது நைனா."

"மாத்தாத. இருக்கட்டும். கேட்டாலே கடுகுன்னு தெரிஞ்சிடுது."

குமார் நம்பவே இல்லை. "இதெல்லாம் எத்தினி நாளைக்குக்கா?" என்றான். நான் அவனுக்குத் தொழில்நுட்பம் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். அக்கா பேசினால் அவன் எதிர்த்துப் பேச மாட்டான், உச்சுக் கொட்டுவான். உச்சுக் கொட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அதுவரை நாள் தவறினாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் ஊருக்குக் கூப்பிட்டுவிடுவேன். இப்போது அது வாரத்துக்கு ஒருமுறையாகி, அதுவும் தள்ளிப்போனது. வேண்டுமென்று செய்யவில்லை. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது: நான்தான் காலையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேனே, நான்தான் குழம்புக்குப் பருப்பு எடுத்துக் கொடுக்கிறேனே. வேலை முடிந்து ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போது, இந்நேரம் நைனா என் பேச்சைக் கேட்டபடி சமைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளைக் கடமையை முடித்துவிட்ட திருப்தி இருக்கும்.

5

போன மார்கழியில் ஒரு நாள், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், குமார் கூப்பிட்டான்.

"அக்கா, பதறாத. நைனாவ செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சேத்துக்கீறோம். வாந்தி. இப்ப பரவால்ல, குளுகோஸ் ஏறுது."

"இன்னா சாப்ட்டாரு?"

"கோலமாவு," என்றான்.

எனக்குப் புரியவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டேன். நடந்தது இதுதான். குமாரின் மனைவி மல்லிகா ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து வீட்டைக் கூட்டி, துணி துவைத்து, சாமான் வாங்கிப் போட்டுவிட்டுப் போவாள். மார்கழியாயிற்றே, வாசல் வெறிச்சென்று கிடக்கிறதே என்று கல்லை அரைத்த கோலமாவு வாங்கி வந்து வாசலில் கோலம் போட்டிருக்கிறாள். மீதியை எதிலாவது கொட்ட வேண்டும். அரிசி மாவு டப்பா காலியாக இருந்தது. அதில் கொட்டி மூடி, அடுக்கில் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் நைனாவுக்குக் காய்ச்சல். சமைக்கத் தெம்பில்லை, கஞ்சி காய்ச்சலாம் என்று டப்பாவை எடுத்துப் போனைக் காட்டியிருக்கிறார். 'நைனா, இது அரிசி மாவு' என்று நான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் நைனாவிடமே பேசினேன். குரல் இறங்கிப்போயிருந்தது.

"வாயில வெச்சதுமே தெரியல, நைனா?"

"நறநறன்னுதான் இருந்துச்சி. ரேசன் அரிசி, கல்லு கீதுன்னு நெனச்சேன். காச்ச நாக்கு, ருசி இன்னா தெரியும்?"

"கஞ்சி கெட்டியே ஆயிருக்காதே."

"ஆவலதான். எனுக்கே சந்தேகமாப் பூட்சி. கொதிக்குது, கொதிக்குது, தண்ணி மாதிரியே கீது. அதான் மறுபடி டப்பாவ எடுத்து உன்னாண்ட கேட்டேன்."

"என்னாண்டயா?"

"ஆமா. போன காமிச்சேன். அரிசி மாவுன்னு நீ சொன்ன. செரி, கம்மியா போட்டுட்டம்போலன்னு இன்னும் ரெண்டு கரண்டி போட்டு, குடிச்சிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார், அவ்வளவே. நான் அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். சந்தேகம் வந்து ஒரு மனுஷன் தன் மகளைக் கேட்டிருக்கிறார். மகள் டப்பாவைத் திறந்து பார்க்காமல், என்றைக்கோ சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நிஜமான நான் என்ன சொல்லியிருப்பேன்? விரலில் தொட்டுப் பாருங்கள் என்றிருப்பேன். ஆனால் அவர் எதற்குக் கூப்பிட வேண்டும்? நான்தான் வீட்டிலேயே இருக்கிறேனே.

இவ்வளவும் தெரிந்தும் என் கோபம் போன இடம் மல்லிகா. மனுஷ புத்தி. அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டேன்.

"ஏன் மல்லிகா, டப்பால ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கறது தெரியலியா? அத்த நம்பிதான அவரு சமைக்கறாரு?"

"டப்பா காலியா இருந்துச்சி அண்ணி, கொட்னேன். எங்கம்மா வூட்ல அப்படித்தான். உங்கம்மாவும் அப்படித்தான் வெச்சிருந்தாங்க, கல்யாணமான புதுசுல நானே பாத்தேன். அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எனுக்கு எப்படித் தெரியும்? அது கட்டம் கட்டமா கீது. உங்களுக்கும் மாமாவுக்கும்தான் அது பேசும்."

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"எப்ப அண்ணி? நீங்க போன் பண்ணியே ஒரு மாசமாவப் போவுது." அவள் குரல் உடைந்தது. "ஒரு நாளு லீவு. ஆறு நாளு வேலைக்கிப் போய்ட்டு, ஏழாவது நாளு பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி வரேன். டப்பாவுல நீங்க ஸ்டிக்கர் ஒட்டினீங்க, செரி. அது காலியானா ரொப்புறது யாரு? அதையும் அந்தப் போனா ரொப்புது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அண்ணி என்றாள். பரவாயில்லாமல் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காவ்யா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா, நீ யாரைத் திட்டினாய், யார் உன்னைத் திட்டினார்கள், எனக்குப் புரியவில்லை என்றாள். ஒன்றுமில்லை, ஊர் விஷயம் என்றேன். ஊர் விஷயம் என்றால் அவள் அதற்குமேல் கேட்க மாட்டாள், அப்படித்தான் நான் பழக்கியிருக்கிறேன்.

6

நைனா வீடு திரும்பின வாரம் குமார் என்னைக் கூப்பிட்டான். இந்த முறை உச்சுக் கொட்டவில்லை.

"அக்கா, நான் வெளிப்படையாவே சொல்றேன். அவர தனியா வுட்டா எனுக்குத் தூக்கம் வரல. ஆபீஸ்ல போன் அடிச்சா நெஞ்சு தூக்கிப் போடுது. மல்லிகா இன்னிக்கி வரைக்கும் தனியா உக்காந்து அழுவுறா, மாமாவ நான்தான் கொன்னிருப்பேன்னு. கூப்ட்டா வரமாட்டேங்கறாரு. நீதான் சொல்லணும்."

"நான் எப்படிடா சொல்லுவேன்? வூட்ட வுட்டு வரமாட்டேன்னு என்னாண்டதான் சொன்னாரு. அவருக்காக நான்தான் உன்கிட்ட பேசினேன்."

"அதனாலதான் சொல்றேன். நான் சொன்னா எதுவும் அவருக்கு ஏறாது. நீ சொன்னா கேப்பாரு. நீ அரிசி மாவுன்னு சொன்னதுக்குக் கல்லையே குடிச்ச மனுசன்க்கா அவரு."

இன்னும் ஜாக்கிரதையான நிரல் எழுதலாம், ஒவ்வொரு வாரமும் சரிபார்க்கலாம் என்று பத்து வழி என் மூளைக்குள் ஓடியது. எல்லா வழியிலும் டப்பாவை ரொப்ப மல்லிகாதான் பஸ் ஏற வேண்டும். நான் ஏறப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை குமார் திருக்கழுக்குன்றம் போய் அங்கிருந்து கூப்பிட்டு, நைனாவிடம் போனைக் கொடுத்தான். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நைனா வாசலில் உட்கார்ந்திருக்கிறார் போல, மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் பேச்சும் ஒரு பஸ் ஆரனும் கேட்டது.

"நைனா."

"இன்னா பாப்பா, நெசமா நீயா, டப்பாவா?" என்று சிரித்தார்.

"நான்தான் நைனா."

"கேக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாதான் கீது."

உடம்பைக் கேட்டேன். தேவலை என்றார். பவுனம்மா இட்லி கொடுத்தனுப்புவதைச் சொன்னார். காவ்யா பரீட்சையைக் கேட்டார். நான் ஒரு சட்டையை உதறுவதும் மறுபடி மடிப்பதுமாக நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"நைனா, நீங்க குமார் வூட்டுக்குப் போயிடுங்க."

பஸ் போய்விட்டிருக்க வேண்டும். அவர் செருப்பைத் தரையில் தேய்ப்பது மட்டும் கேட்டது.

"கொஞ்ச நாளைக்குத்தான்," என்றேன். அது பொய். அவருக்கும் தெரியும்.

"நீ சொல்றியா பாப்பா, இல்ல அவன் சொல்லச் சொன்னானா?"

பக்கத்தில் குமார் நின்றுகொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

"நான்தான் சொல்றேன் நைனா."

"யோசிச்சி சொல்றியா?"

"யோசிச்சித்தான்."

"அப்ப செரி," என்றார். எதிர்த்துப் பேசுவார், கெஞ்சுவார், இந்த வீட்டில் நான் குருடன் இல்லை என்று மறுபடி சொல்வார் என்று பயந்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. பிறகு கேட்டார்.

"அந்தப் போன இன்னா பண்றது?"

"எடுத்துனு போங்க நைனா. அங்கயும் டப்பா டப்பாவா ஒட்டித் தரேன்."

"இன்னாத்துக்கு? அங்க எனுக்கு எல்லாம் கையில எடுத்து எடுத்துக் குடுத்துருவாங்களே."

அத்தோடு எழுந்துவிட்டார் போலிருக்கிறது. செருப்புச் சத்தம் உள்ளே போனது. குமார் போனை வாங்கினான்.

"ஒரு வார்த்த எதுத்துப் பேசல பாத்தியா? துணி எடுத்து வெக்கப் போய்ட்டாரு," என்றான். "ரொம்ப தேங்க்ஸ்க்கா."

என் தம்பி எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.